வெந்நீர் அலமாரிக்கான பெரும்போர்

கண்ணுக்குப் புலனாகா மேனியும், காற்றினும் நுண்ணிய உயிரும், இனிப்பைக் கண்டவிடத்தெல்லாம் அதனை மதுவாக்கி அருளும் பேரிரக்கமும் கொண்ட ஈஸ்ட் என்னும் ஓரணுத் தெய்வமே, இக்கதைக்குக் காப்பாகுக. காலாவதித் தேதி கடந்து பதினான்கு திங்களாகியும் பொட்டலத்துள் அறிதுயில் கொண்டிருக்கும் நீ கண்மலர்ந்தாலன்றி வாளி நுரைக்காது. வாளி நுரைத்தாலன்றி வீரம் விளங்காது. வீரம் விளங்காவிடில் பாடுவோனுக்கு இங்கு வேலையே இல்லை.

வாழ்க நாரிஸ் டனிக்ளிஃப். நான்காம் எண் பேருந்தை இருபத்தேழு ஆண்டுகள் ஒரே ஒரு கீறலோடு செலுத்திய சாரதி, அறுபத்தாறு அகவையினன், முழங்கால் நொந்தாலும் முதுகு வளையாதவன், ட்ரெண்ட் ஆறு அன்னங்களைச் சுமந்து வளையும் பர்ட்டன் மாநகரின் அக்கரையில், ஸ்டேப்பன்ஹில் மேட்டில், இரண்டு படுக்கையறையும் ஒரு குளியலறையும் உடைய செங்கல் மாளிகையில் வீற்றிருந்து, தன் கையால் ஏல் என்னும் பீர்வகை காய்ச்சித் தானே அருந்தித் தானே பாராட்டி வந்த தன்னிகரில்லாத் தலைவன்.

அவன் பிறந்த ஊரின் பெருமை இத்தகையது. அங்கே காற்றடித்தால் முளைகட்டிய வாற்கோதுமை மணக்கும், காற்றடிக்காவிட்டாலும் மணக்கும். பாறையடுக்குகளின் வழியே சொட்டிச் சொட்டிக் கிணறுகளில் ஊறிய அவ்வூர் நீரால் ஆகிய வெளிர்நிற ஏல், கப்பலேறிக் கடல்கள் கடந்த புகழுடையது. அந்நீரைப் பெறும் பேறில்லாத அயல்நாட்டு ஏல்வினைஞர் யாவரும் தத்தம் குழாய்நீரில் ஜிப்சம் என்னும் வெண்பொடியைத் தூவி, அச்செயலுக்குப் 'பர்ட்டனாக்குதல்' என்று பெயரும் இட்டு, ஏதோ ஓரளவு நெருங்கிவிட்டோம் என்று ஏங்குவர். இச்செய்தியைக் கேட்கும்போதெல்லாம் அவ்வூரார், சிற்றரசர் திறை கொணர்ந்தமை கேட்ட பேரரசர்போல் மெல்லத் தலையசைப்பர். பர்ட்டன்காரன் பர்ட்டன் நீரில் ஜிப்சம் இடுவது என்பது அவர்தம் சட்டநூல்களில் இல்லை. அத்தகைய குற்றம் ஒன்று நிகழக்கூடும் என எவரும் எண்ணாமையே காரணம்.

இனிப் போருக்கு மூலமான நிலம். மாடிப்படியின் உச்சியில், வெந்நீர்க் கொப்பரையைத் தன் வயிற்றில் சுமந்து என்றும் இளஞ்சூடாய் நிற்கும் அலமாரி ஒன்று அம்மாளிகையில் உண்டு. குளித்தெழுவோர்க்குத் துண்டுகளை வெதுவெதுப்பாக வைத்திருப்பதற்கென்றே கட்டடக் கலைஞரால் அது படைக்கப்பட்டது. ஆயினும் ஏல் நொதிப்பதற்கு உகந்த வெப்பம் அம்மாளிகையில் வேறெங்கும் இல்லாமையால், பதினோராண்டுகளுக்கு முன் நாரிஸ் தன் வெள்ளை வாளியை அங்கே குடியேற்றினான். அன்று நாடிழந்த துண்டுகள் குளியலறை நாற்காலியின் முதுகில் ஈரத்தோடு அகதிவாழ்வு வாழ்ந்துவந்தன.

ஏப்ரல் திங்களின் ஒரு செவ்வாய்க்கிழமை, நனைந்த துண்டைத் தோளிலும் நனைந்த சினத்தை நெஞ்சிலும் ஏந்தி, அவன் மனைவி கிளெனிஸ் மாடிப்படியில் நின்று போர்முரசு அறைந்தாள். அவ்வூரில் மனைவி கணவனையும், கடைக்காரி வாடிக்கையாளரையும், நீதிபதி குற்றவாளியையும் 'வாத்து' என்றே அன்பொழுக விளிப்பர். சினத்திலும் அவ்விளி மாறாது.

"கேட்டுக்கோ வாத்து. படிக்கு அடியில இருக்கிற உன் மிச்சம் மீதிப் பெட்டி காலியாகணும். அதுல இருக்கிறத வச்சே ஒரு தடவ காய்ச்சு. புதுசா ஒரு பொட்டலம்கூட வாங்கக் கூடாது. அத நம்ம வில்ஃப் ஒரு கிளாஸ் முழுசாக் குடிச்சு முடிச்சான்னா, அலமாரி உனக்கு. பாதியில கீழ வச்சான்னா, என் துண்டுக்கு. உன் வாளி, குழாய், பாட்டில் எல்லாம் சர்ச் பழைய சாமான் விற்பனைக்குப் போயிரும்."

"ஏன் வில்ஃப்?" என்றான் நாரிஸ்.

"ஏன்னா எங்கண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. நல்ல வார்த்தையும் வராது. அதனால."

வில்ஃப் யார் எனில், ஏல் ஆலை ஒன்றின் புட்டியறையில் முப்பத்தோராண்டு அமர்ந்து, ஒவ்வொரு புட்டியையும் விளக்கின்முன் ஏந்தி, துளி கலக்கம் கண்டாலும் இரக்கமின்றி ஒதுக்கித் தள்ளிய தெளிவின் காவலன். அவன் அகராதியில் பாராட்டுச் சொற்கள் மூன்றே. முதலாவது 'ம்'. இரண்டாவது 'குடிக்கலாம்'. மூன்றாவதும் உச்சமுமான 'பரவாயில்ல' என்பதை அவன் வாழ்நாளில் இருமுறையே மொழிந்துள்ளான்: எழுபத்தாறாம் ஆண்டின் கொடுங்கோடையில் ஒருமுறை, தன் திருமணத்தன்று மணப்பெண்ணை நோக்கி மறுமுறை.

குறித்த ஞாயிறு புலர்ந்தது. புதுப்பொட்டலம் எதுவும் களவாக நுழையாமல் காக்கும் பொருட்டு வில்ஃப் பத்து மணிக்கே வந்து, சமையலறை மேசையில் தேநீரும் பிஸ்கட் தட்டும் முன்வைத்து, நடுவராய் அமர்ந்தான். நாரிஸ் பெட்டியைத் திறந்தான், மின்கட்டண உறையின் பின்புறத்தை வியூகப் பலகையாக்கினான், பென்சிலைக் காதில் செருகினான், தராசைத் துடைத்தான்.

நாற்பது பைண்ட், அதாவது ஏறத்தாழ இருபத்துமூன்று லிட்டர், ஏலுக்கு நாலரைக் கிலோ தானியம் வேண்டும் என்பது முன்னோர் கணக்கு. பெட்டியினின்று எழுந்த படையோ வருமாறு. முளைகட்டிய தானியமாகிய மால்ட்டில் வெளிர்நிறத்தது இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம், மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் மூன்று வெவ்வேறு பைகளிலிருந்து, ஒன்றையொன்று அறியாத பழம்படைவீரர்போல் வந்து தராசில் விழுந்தது. செம்பழுப்பான இனிப்பு மால்ட் முந்நூறு கிராம், எலி கடித்த மூலையோடு நொண்டி வந்தது. கோதுமை மால்ட் நானூறு கிராம், தான் ஏன் அழைக்கப்பட்டேன் என்றறியாது விழித்தது. ஆக மொத்தம் மூன்று கிலோ அறுநூறு. தொள்ளாயிரம் கிராம் குறை. அக்குறையின் விளிம்பில் நாரிஸ் நின்று கீழே நோக்கினான், ஆழம் தெரியவில்லை.

அவ்வேளை பெட்டியின் அடியினின்று, முந்தைய ஆண்டு கைவிடப்பட்ட கருநிற ஏலுக்கென வாங்கிய கரிமால்ட் ஒரு முழுக் கிலோ, கார்மேகம் மலைமுகட்டில் தலைநீட்டுவதுபோல் எழுந்து, 'யானுளேன்' என்றது. அதன் ஒரு பிடி போதும், வெளிர்நிற ஏல் தார்ச்சாலை நிறம் கொள்ளும். பகைவனினும் கொடிய அந்நட்பை நாரிஸ் கைகூப்பி மறுத்து மீண்டும் பெட்டிக்குள் சிறையிட்டான்.

"ஓட்ஸ் இருக்கே, எடுத்துக்கோ. ஏற்கெனவே வீட்டுல இருக்கிறதுதானே" என்றான் வில்ஃப்.

"அது என் காலைக் கஞ்சி" என்றாள் கிளெனிஸ், உருளைக்கிழங்குத் தோலைச் சீவியபடி.

"வேண்டாம்" என்று நாரிஸ் எழுந்து நின்று அறிவித்தான். "ஓட்ஸ் போட்டா ஏல் கலங்கும். கலங்கின ஏல இந்த வீட்டுல எவனும் ஊத்துனதில்ல. நான் உயிரோட இருக்கிறவரைக்கும் ஊத்தவும் மாட்டேன்."

வில்ஃப் 'ம்' என்றான். ஊழ் எனப்படுவது கதவுக்குப் பின்னால் நின்று இவ்வறிவிப்பைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொண்டது.

இறுதியில், பாதி தீர்ந்த சர்க்கரைப்பாகு டப்பா ஒன்றைக் கூலிப்படையாய்ச் சேர்த்தும், நாற்பது பைண்ட் என்னும் பெருங்கனவை முப்பத்தைந்தாகச் சுருக்கியும், உறையின் பின்புறத்தில் மூன்று முறை அடித்து நான்காம் முறை எழுதியும், நாரிஸ் கணக்கை ஒப்பேற்றினான். பின்வாங்குதலும் போர்க்கலையே என்பதை அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அடுத்து ஹாப்ஸ் என்னும் கசப்புப்பூப் படை. உறைபெட்டியில், மீன்வறுவல் துண்டுகளின் அடியில், பனிபடர்ந்த மூன்று பைகள் கிடந்தன. முதலாவதில் 'ஃபகிள், 18 கிராம்' என்று வகைப்பெயரும் எடையும் இருந்தன, ஐயமில்லை. இரண்டாவதன் எழுத்தைப் பனி தின்றிருந்தது, முகர்ந்தான், பூ மணமும் மீன் மணமும் சம அளவில் வந்தன, ஏற்றுக்கொண்டான். மூன்றாவது பையே பெருஞ்சிக்கல். நாற்பது கிராம் நிறைந்த அப்பையின்மேல், நீல மையில், இரண்டே சொற்கள்: 'இது வேண்டாம்'.

இத்தொடரின் பொருள் யாது? கெட்டுப்போனது, ஆகவே வேண்டாம் என்பது ஓர் உரை. கிடைத்தற்கரியது, ஆகவே வீணாக்க வேண்டாம் என்பது எதிருரை. எழுதியவனே வாசிப்பவனாகி நிற்கையிலும் கருத்து விளங்காமற் போன இக்கட்டு, ஏட்டுச்சுவடி ஆராய்ந்தோர்க்கும் நேர்ந்ததில்லை. நாரிஸ் பையை ஒளிக்குக் காட்டினான், காதருகே குலுக்கினான், எழுதிய நாளில் தன் மனநிலை எவ்வாறிருந்திருக்கும் என நினைவுகூர முயன்று, ஒரு தேநீர் ஆறும் அளவு கண்மூடி இருந்தான்.

"அந்தப் பைய வச்சு என்ன தியானம் பண்ற?" என்றாள் கிளெனிஸ்.

"நான் எதுக்கு 'இது வேண்டாம்'னு எழுதினேன்னு யோசிக்கிறேன்."

"நீ எழுதல. நான் எழுதினேன். ஒரு தடவ கீரைன்னு நினைச்சு சூப்புல போட்டுட்டேன்ல? அதுக்கு."

ஆசிரியர் யார் என்பது தெளிந்ததும் உரைப்போர் ஓய்ந்தது. நாற்பது கிராமும் களம் புகுந்தன. ஈஸ்ட் தெய்வமும், வெதுவெதுப்பான சர்க்கரைநீர்க் குவளையில் நாற்பது நிமிடம் அசைவற்றுக் கிடந்து அனைவர் நெஞ்சையும் உலர்த்தியபின், ஒரே ஒரு குமிழை மேலே அனுப்பித் தன் இருப்பை உணர்த்தியது. நாரிஸ் கண்ணில் நீர் துளித்தது. அது வெங்காயத்தால் என்பாரும் உளர்.

இதுவரை யாவும் வெளிப்படை. இனிச் சொல்லப்போவதோ, அவ்வீரன் தன் மனைவிக்கும் உரையாத மறைபொருள். ஸ்டேப்பன்ஹில் குழாயில் வருவது கிணற்று நீரன்று. எங்கிருந்தோ குழாயேறி வரும் சாதாரண நீர். அந்நீரால் காய்ச்சிய ஏல் சென்ற இரு ஆண்டுகளாகச் சப்பென்றிருப்பதை நாரிஸ் நாவறியும். ஆகவே ஒரு நாள், ஊர்ப்பெயர் சொல்லாது, அஞ்சலில் ஜிப்சம் வருவித்தான். பர்ட்டன் நீரைப் போலிசெய்யப் பர்ட்டன்காரனே பொடி வாங்கியது வெளித்தெரிந்தால், தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதெங்ஙனம்? எனவே அப்பொடியைக் காலியான மஞ்சள் சோளமாவு டப்பா ஒன்றில் கொட்டிப் பெட்டியின் ஆழத்தில் புதைத்தான்.

குழம்பியது இங்கேதான். அன்று காலை பெட்டியைச் சமையலறைக்கு இழுத்துவந்த கிளெனிஸ், அதில் மஞ்சள் டப்பாவைக் கண்டு, தன் சோளமாவைக் கணவன் களவாடினான் எனக் கருதி, 'திருடன்' என்று ஒரு சொல் உதிர்த்து, அதனை எடுத்து அடுக்களைத் தட்டில் தன்னுடைய மஞ்சள் டப்பாவின் அருகே வைத்துவிட்டாள். ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே உயரம்; ஒன்றில் சோளம், ஒன்றில் துரோகம்.

அடுப்பில் பெருங்கலம் கொதித்துப் பொங்க, ஜிப்சம் இடும் தருணம் நெருங்க, நாரிஸ் பெட்டிக்குள் துழாவினான், டப்பாவைக் காணவில்லை. நிமிர்ந்தான், தட்டில் இரட்டையர் நின்றனர். கிளெனிஸ் தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வில்ஃபோ மூன்றடி தொலைவில், இமைகொட்டாது, கலத்தையே நோக்கியிருந்தான். அவன் முன்னிலையில் டப்பாவைத் திறந்து நக்கிப் பார்ப்பது, போர்க்களத்தில் பகைவன்முன் கவசம் கழற்றுவதற்கு ஒப்பு.

"வில்ஃப், தோட்டத்துல பூனை."

"எனக்குப் பூனை பிடிக்காது" என்றான் வில்ஃப். திரும்பவில்லை.

"வித்தியாசமான பூனை."

"எல்லாப் பூனையும் அப்படித்தான் நினைச்சுக்கும்."

அப்போது விதி ஒரு பிஸ்கட்டின் வடிவில் இறங்கியது. வில்ஃப் தேநீரில் தோய்த்த பிஸ்கட், ஒரு நொடி அதிகமாக ஊறியமையால், நடுவில் ஒடிந்து, கரைதவறிய தோணிபோல் கோப்பையின் ஆழத்தில் மூழ்கியது. பிறந்தநாள் முதல் இத்தகைய இழப்பை ஒருபோதும் பொறுத்திராத வில்ஃப், கரண்டியை ஏந்தி, கோப்பைக்குள் குனிந்து, மீட்புப்பணியில் முழுமையாய் ஆழ்ந்தான். அக்கணமே, மின்னல் வானத்தைக் கிழிப்பதினும் விரைவாக, முழங்கால் வலியும் மறந்து பாய்ந்த நாரிஸ், இரட்டையருள் இடப்பக்கத்தானைப் பற்றி, மூடியைத் திருகி, மேசைக்கரண்டியால் குவியக் குவிய இருமுறை அள்ளிக் கொதிகலத்தில் சொரிந்து, டப்பாவைப் பெட்டியின் ஆழத்தில் மீண்டும் புதைத்து, சீட்டியடித்தபடி நின்றான்.

அவன் எடுத்தது சோளமாவு.

நான்கு வாரங்கள் கடந்தன. வாளி அலமாரியில் நுரைத்தடங்கியது, புட்டிகள் நிறைந்தன, நிரைநிரையாக இருளில் தவமிருந்தன. இதே நான்கு வாரங்களின் ஒவ்வொரு ஞாயிறும் அவ்வீட்டில் மற்றொரு துயரம் நிகழ்ந்தது. கிளெனிஸ், அடுக்களைத் தட்டில் எஞ்சிய மஞ்சள் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி, பின் இரண்டு, பின் நான்கு என அள்ளியிட்டுக் கிண்டியும், அவளது கிரேவி கெட்டிப்படவில்லை. முப்பத்தெட்டாண்டு இல்லறத்தில் அவள் கிரேவி தட்டில் ஓடியதாகச் சான்றில்லை. தன் கை தளர்ந்ததோ என்று அவள் அஞ்சினாள். அவ்வச்சத்தை எவரிடமும் சொல்லாது, வாணலியின் முன் நெடுநேரம் நின்றாள். நாரிஸ் அதைக் கண்டான். காரணம் அறியாமல், 'சாப்பிடலாம், நல்லாத்தான் இருக்கு' என்று பொய்யுரைத்து, ஒழுகும் கிரேவியை ரொட்டியால் ஒற்றி உண்டான். அவன் செய்த வீரச்செயல்களுள் பாடப்படாதது இதுவொன்றே.

மே இறுதித் திங்கட்கிழமை, ஊரே விடுமுறையில் திளைக்க, தீர்ப்புநாள் வந்தது. மேசையில் மாட்டிறைச்சி வறுவல், உருளைக்கிழங்கு, கோப்பைபோல் உப்பிய பணியாரம், நடுவே கிரேவிக் குவளை. வில்ஃபின்முன் நன்கு துடைத்த ஒரு பைண்ட் கண்ணாடிக் குவளை. நாரிஸ் புட்டியின் மூடியைத் திறந்தான். அது நல்ல சீற்றத்தோடு சீறிற்று. அவன் கையைச் சாய்த்து ஊற்றினான்.

கண்ணாடியில் எழுந்தது பொன்னன்று, தேனன்று, மாலைச் சூரியனுமன்று. அரிசி களைந்த நீர் எழுந்தது. மழைக்குப் பின் வயல்வரப்பில் தேங்கிய நீர் எழுந்தது. வில்ஃப் முப்பத்தோராண்டுப் பழக்கத்தால் கண்ணாடியைச் சன்னலுக்கு நேரே உயர்த்தினான். சன்னல் தெரியவில்லை. கண்ணாடியின் மறுபக்கத்தில் தன் விரல்களே தெரியவில்லை. நாரிஸின் நெஞ்சில் வாளியும் குழாயும் சர்ச் வாசலில் விலைச்சீட்டு ஒட்டப்பட்டு நின்ற காட்சி படர்ந்தது.

வில்ஃப் ஒரு மிடறு உறிஞ்சினான். தட்டில் கிரேவியை ஊற்றினான். அது உருளைக்கிழங்குகளைச் சுற்றி ஓடி, தட்டின் விளிம்பைத் தாண்டி, மேசைவிரிப்பை நோக்கிப் படையெடுத்தது. அவன் கண்ணாடியைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். மீண்டும் கண்ணாடியைப் பார்த்தான்.

"பீர் கெட்டியா இருக்கு. கிரேவி தண்ணியா இருக்கு" என்றான். "ரெண்டையும் மாத்தி ஊத்திட்டீங்களா, வாத்து?"

கிளெனிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து சென்று, அடுக்களைத் தட்டிலிருந்த மஞ்சள் டப்பாவைத் திறந்து, விரல் நுனியால் தொட்டு நாவில் வைத்தாள்.

"இது சோளமாவு இல்ல. சுண்ணாம்பு மாதிரி இருக்கு." பின் மெதுவாகத் திரும்பினாள். "நாரிஸ். உன் பெட்டியில இருந்த டப்பாவுல என்ன வச்சிருந்த?"

இரு பாதைகள் அவன்முன் பிரிந்தன. 'எனக்கென்ன தெரியும், மாவுக் கம்பெனிக்காரனைக் கேள்' என்று சொல்லி ஊரின் மானத்தையும் தன் மானத்தையும் காப்பது ஒன்று. கலங்கிய ஏலைக்கூட இளைஞர்தம் புதுநாகரிகம் என்று சாதிக்கலாம். ஆனால் அவ்வழியில் நடந்தால், கை தளர்ந்தது என்று நான்கு வாரம் வாணலியின்முன் நின்ற அவள், ஐந்தாம் வாரமும் நிற்பாள். நாரிஸ் எழுந்தான். நாப்கினை மடித்துவைத்தான்.

"ஜிப்சம்" என்றான். "தண்ணிக்குப் போட. குழாய்த் தண்ணி சரியில்ல. ரெண்டு வருஷமாச் சரியில்ல. அவசரத்துல டப்பா மாறிப்போச்சு. உன் கிரேவில ஒரு குறையும் இல்ல கிளெனிஸ். குறை எல்லாம் என் டப்பாவுல."

"நாலு வாரமா நமக்குச் சுண்ணாம்பு ஊட்டியிருக்கேன் நான்."

"எலும்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க."

அவள் சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பியது வில்ஃபுக்குத் தெரிந்தது, நாரிஸுக்குத் தெரியவில்லை. அவன் வில்ஃபையே நோக்கியிருந்தான். பர்ட்டன்காரன் ஒருவன் பர்ட்டன் நீரில் ஜிப்சம் இட்டதை, பர்ட்டன்காரன் ஒருவன் காதால் கேட்ட முதற்பொழுது அது. வில்ஃப் இறைச்சியை வெட்டினான், மென்றான், விழுங்கினான்.

"என் கொட்டகையில ஒரு டப்பா இருக்கு" என்றான் கடைசியில், தட்டை நோக்கியபடி. "வெள்ளை சிமெண்டுன்னு எழுதியிருக்கும்."

"ஆமா, பாத்திருக்கேன்."

"அதுல சிமெண்ட் இல்ல."

இவ்வளவே உரைத்து, தொண்டையில் சிக்கிய முப்பத்தோராண்டுப் பெருமையைக் கீழிறக்க வேண்டியிருந்தமையால் போலும், வில்ஃப் எதிரே இருந்ததைப் பற்றி, நிறம் பாராது, சன்னல் பாராது, இடையில் மூச்சும் பாராது, ஒரே ஏற்றமாய் அண்ணாந்து பருகினான். கண்ணாடி மேசையில் இறங்கியபோது அதன் அடியில் வெண்படிவம் ஒரு விரற்கடை மட்டுமே எஞ்சியிருந்தது.

"பரவாயில்ல" என்றான்.

விண்ணவர் மலர்மாரி பொழிய வேண்டிய இடம் இது. பர்ட்டனில் வழக்கம்போல் தூறல் பொழிந்தது. மூன்றாம் முறையாக மொழியப்பட்ட அம்மகாவாக்கியத்தை இருசெவியாலும் ஏந்தி, வெந்நீர் அலமாரியின் ஏகபோக உரிமையை வாளிக்கும் அதன் வழித்தோன்றல் வாளிகளுக்கும் நிலைநாட்டி, வெற்றிக்கொடி நாட்டி, போரில் ஈடுபட்டு மாண்ட மால்ட்டுக்கும் பூவுக்கும் நடுகல் நாட்டும் எண்ணத்தோடு நிமிர்ந்த மார்பனாய், இரு புருவமும் வான்நோக்க, ஈரத் துண்டுகள் இனி என்றென்றும் நாற்காலியில் நலிக என ஆணையிட வாய்திறந்த அந்நாரிஸ் டனிக்ளிஃபின் கையில் கிளெனிஸ் ஒரு குடையைக் கொடுக்க, அவன் கடைக்குப் போய்ச் சோளமாவு வாங்கி வந்தான்.